டிசம்பர் பூ என்று சொன்ன வாய்

டிசம்பர் பூவைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பூ என்ன பாவம் செய்தது? செய்தது என் வாய்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். எண்ணூரில் ஓர் அனல்மின் ஆலைத் தோட்டத்தில் கான்ட்ராக்டில் தோட்டக்காரியாக வேலை செய்துகொண்டிருந்தேன். தண்ணீர் விடுவது, களை பிடுங்குவது, பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் பூந்தொட்டிகளுக்குச் செங்காவி பூசுவது. ஆலைக்குப் பின்னால் கழிமுகத்தில் என் அண்ணி கையால் இறால் பிடிப்பாள். கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்து, இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவாள். அண்ணன் துறைமுகத்தில் விழுந்து இடுப்பு போய்ப் படுத்த பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் சோறு அந்தச் சேற்றிலிருந்துதான்.

சேறாவது மிச்சமிருந்ததா? ஆலைச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய் உடைந்து உடைந்து ஆற்றடி முழுக்க சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. கழுதைமுள்ளிப் புதர் இருந்த ஒரு வளைவு மட்டும் தப்பியிருந்தது. இடுப்புயரச் செடி, இலை ஓரமெல்லாம் முள், கோடையில் ஊதாப் பூ. முன்பு கரை நெடுக இருந்ததாம். நான் கண்டது அந்த ஒரே புதரைத்தான். அதன் வேரடியில்தான் இறால் ஒண்டும்.

தோட்ட வேலையில் நானே ஒன்றைக் கவனித்திருந்தேன். கனகாம்பரக் காய் நனைந்தால் பட்டென்று வெடிக்கும். டிசம்பர் பூவின் காயும் அப்படித்தான். தண்டவாளத்து ஓரம் மஞ்சளாகப் பூக்கிற செம்முள்ளியும் அப்படித்தான். கழுதைமுள்ளிக் காயும் முற்றினால் வெடித்து விதையைத் தெறிக்கும். எல்லாம் ஒரே வம்சம். இரண்டு பேர் பெண்கள் தலையில் ஏறிவிட்டார்கள், மற்றவர்கள் உப்பிலும் வெயிலிலும் கிடக்கிறார்கள்.

இதை அண்ணியிடம் சொன்னபோது பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "அப்போ நம்ம கழுதைக்குப் பெரிய எடத்து சம்பந்தம் கீதுன்னு சொல்லு!"

ஐப்பசி மழையில் ஒரு ஜீப் வந்தது. புதுக் குழாய் போகும் வழியில் என்னென்ன செடி இருக்கிறது என்று எழுத ஒருவர் வந்திருந்தார். செடி தெரியாத ஆளுக்குச் செடி எண்ணுகிற வேலை! ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. பூட்ஸில் சேறு பட்டுவிடுமாம். கையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டார்: "அது என்ன புதர்?"

எங்கள் மேஸ்திரியிடம் முள் என்று சொன்னால் மறு வார்த்தை 'வெட்டு'தான். நான் அதற்குத்தான் பயந்தேன். கழுதை என்று ஆரம்பிக்கிற பேரைச் சொன்னால் மதிப்பார்களா? பூவென்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, "டிசம்பர் பூ சார், இன்னும் பூக்கல" என்றேன். எழுதிக்கொண்டார். புதரைக் காப்பாற்றிவிட்டதாக அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை.

பதினைந்து நாளில் மண் அள்ளும் இயந்திரம் வந்தது. சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் புதர் வேரோடு மல்லாந்து கிடந்தது. மேஸ்திரியின் சட்டையைப் பிடிக்காத குறை.

"இன்னாத்துக்கும்மா கத்துற? காட்டுச்செடியா இருந்தா குழாயை அந்தாண்ட தள்ளிப் போடணும்னு ரூலு. இது தோட்டப் பூன்னு லிஸ்ட்ல கீது. வேற எடத்துல நட்டுக்கலாம்னு எழுதிக்கீறாங்க."

"அது டிசம்பர் இல்ல நைனா! கழுதைமுள்ளி!"

"டிசம்பர்னு சொன்னது யாரு? நீ தானே?"

அன்று ஜீப்பை விட்டு இறங்கிவந்து ஓர் இலையைத் தொட்டிருந்தால் அந்த மனுஷன் கையில் முள் குத்தியிருக்கும், டிசம்பர் பூவுக்கு இப்படி முள் இலை ஏது என்று கேட்டிருப்பான். ஒரு நிமிஷ வேலை! பாழாய்ப்போனவன் அதைக்கூடச் செய்யவில்லை. காகிதத்தில் எழுதிய பொய்யைப் படித்தவர்கள் நம்பினார்கள், கண்ணெதிரே நின்ற செடியை ஒருவரும் நம்பவில்லை. அந்தப் பொய்யைக் கொடுத்தவள் நான். அவர்கள்மேல் வருகிற ஆத்திரம் ஒவ்வொரு முறையும் என்மேல் வந்துதான் நிற்கிறது.

அன்று மாலையே அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். பறியைக் கழுவி ஆணியில் மாட்டினாள். மறுநாளிலிருந்து காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்கு, யாரோ பிடித்த இறாலை உரிக்கப் போனாள்.

ஆலைக்காரர்கள் சொன்ன சொல் தவறவில்லை. குழாய் ஓரமாக இரண்டு வரிசை டிசம்பர் செடி வைத்தார்கள். அதற்குத் தண்ணீர் விட்டதும் நானேதான். அடுத்த மார்கழியில் அள்ளிக்கொள்ளப் பூத்தது. ஒரு முழம் கட்டி அண்ணி வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஐஸில் வெந்து தோலுரிந்த விரல்களால் வாங்கி, கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான்டி பூத்துகீது," என்றாள். "வேரை நோண்டிப் பார்த்தியா? எறா எதுனா கீதா?"