தூங்குமூஞ்சி விறகு

அண்ணி காய்ச்சலில் இறந்த பிறகு அண்ணன் மெஸ்ஸைத் திறக்கவே இல்லை. அரியமங்கலத்தில் பட்டறைக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு போட்டுவந்தவர்கள் இருவரும். எல்லாம் விறகடுப்புச் சமையல். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவேன். போனால், பல்கூடத் துலக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சித்திரையில் அடித்த காற்றுமழையில் அவர் வீட்டுக் கொல்லையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. அடுத்த வாரம் நான் போனபோது அண்ணன் கோடாலியும் கையுமாக நின்றார். சட்டையெல்லாம் வேர்வை.

"பச்சையா இருக்கும்போதே பொளந்துடணும்மா. காஞ்சா கோடாலி எறங்காது."

"யாருக்குண்ணே இவ்வளவு விறகு?"

"தை பொறந்ததும் மெஸ்ஸைத் தொறக்கலாம்னு இருக்கேன். அதுக்குள்ள காஞ்சுடும்."

திரும்பும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மரம் மெதுமரம்தான், ஆனால் நார் பின்னிக்கிடந்தது. ஆப்பு வைத்து அடித்தால்தான் வாய் திறந்தது. பிளந்ததைச் செங்கல் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, காற்று புக இடம் விட்டு, மேலே தகரம் போட்டார். ஆவணியில் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். கணீரென்றது. "கேட்டியா? ஈரம் போயிடுச்சு" என்று சிரித்தார். அண்ணி போன பிறகு அன்றுதான் சிரித்தார்.

ஐப்பசி மழை விட்ட ஞாயிறு போனேன். அடுக்குக்குக் கீழே செங்கல்லெல்லாம் மாவு சலித்ததுபோல் வெள்ளைத் தூள். அண்ணன் ஒரு கட்டையை எடுத்து முழங்காலில் வைத்து அழுத்தினார். பொசுக்கென்று ஒடிந்தது. உள்ளே முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். வண்டு அரித்திருந்தது.

"எரியுமேண்ணே" என்றேன்.

"எரியும். வைக்கோல் மாதிரி எரிஞ்சு போயிடும். ஒரு ஒலை கொதிக்காது."

"கடையில சவுக்கு வாங்கிக்கலாம். இல்லன்னா கேஸ் வெச்சுக்கலாம்."

"வேணாம்மா." ஒடிந்த கட்டையைக் கீழே போட்டுவிட்டு, "என்னால முடியல" என்றார்.

தை பிறந்தது. மெஸ்ஸின் பெரிய அண்டாக்களை ஒரு சமையல் கான்ட்ராக்டருக்கு விற்று, வண்டியில் அண்ணனே ஏற்றிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி போனதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். "வந்தியா" என்பார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.