சாப்பாட்டு வண்டி வரட்டும்

ஒன்பதாம் கட்டில் கோணேஸ்வரி அக்காவைப் பற்றி என்னிடம் கேட்டால், முதலில் ஒரு பாட்டம் ஏசிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்வேன். அந்தப் பாடு படுத்தினார். நான் கஜந்தினி. துறைமுகப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டில் பதினொரு வருடமாகத் தாதி. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் விளக்கக் கடிதம் எழுதி எழுதியே மிச்சச் சேவைக்காலம் முடிந்துவிடும்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு சல்லிக் கடற்கரையில். புருஷன் இறந்த பிறகு இருபது வருடமாக மீன் வியாபாரம். விடியக் கரையில் மீனை எடுத்துப் பேசினில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து, ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் வீடு வீடாகச் சுமந்து விற்பார். ஒருமுறை பெரிய உத்தியோகத்தர் வீட்டு அம்மா ஒருவர் செவுளை நோண்டிப் பார்த்து, நேற்றைய மீன் என்று சொல்லிவிட்டாராம். பேசினைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அக்கா மூன்று வருடம் அந்தக் கேற்றை மிதிக்கவில்லை. அந்த அம்மாவே ரோட்டுக்கு வந்து கூப்பிட்டும் போகவில்லை. இப்படிப்பட்ட மனுசியைத்தான் என் வாட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

சீனி வருத்தம் அவருக்கு ஒன்பது வருடமாக. காலில் உணர்ச்சி குறைந்திருந்தது. செருப்பைத் துளைத்துக்கொண்டு வந்த ஆணி பெருவிரலுக்கு அடியில் குத்தியது, சீழ் வைக்கும்வரை அவருக்குத் தெரியவில்லை. ஆனால் மருந்தில் பிசகாதவர். வீட்டில் பிரிஜ் இல்லாததால், இன்சுலின் போத்தலைப் பொலித்தீனில் சுற்றி மண்பானைத் தண்ணீரில் வைத்துக் குளிர்மை காத்து, காலையும் மாலையும் தன் கையாலேயே தொடையில் ஊசி போட்டு வந்தவர்.

அவர் போட்டது பால் நிறமான இன்சுலின். அது மெல்ல மெல்ல வேலை செய்து, பகலையும் இரவையும் தாங்கிப் பிடிக்கும். இன்னொன்று தண்ணீர் மாதிரித் தெளிவானது. அரை மணித்தியாலத்தில் வேலையைத் தொடங்கிச் சில மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். எங்கள் வாட்டில், கத்தி வைக்கக் காத்திருப்பவர்களுக்குப் பால் ஊசியை நிறுத்திவிடுவது வழக்கம். காலில் சீழ் வெட்டக் காத்திருந்த அக்காவுக்கும் நிறுத்தினோம். மூன்று நேரம் விரலில் குத்திச் சீனி பார்ப்போம். எண் கூடியிருந்தால் தெளிந்த ஊசி, கூடாவிட்டால் ஒன்றுமில்லை. வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு வாளி தேடுகிற வேலை என்று இப்போது வாய் கிழியச் சொல்கிறேன். அப்போது நானும் வாளியோடுதான் நின்றேன்.

காலை ஊசி ஐந்தரைக்கு. ஏனென்றால் இரவு வேலைக்காரர் ஏழு மணிக்குப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். சாப்பாட்டு வண்டி வருவதோ ஏழே முக்காலுக்கு. இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக, அந்த ஊசி வெறும் வயிற்றில் நின்று வேலை செய்யும். பதினொரு வருடத்தில் இதை எத்தனை பேருக்குச் செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

நாலாம் நாள் காலை, நான் வீட்டுக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு உடம்பு நடுங்கி, மேலெல்லாம் வியர்த்து, கண் செருகிவிட்டது. சீனி ஐம்பத்து நாலு. குளுக்கோசைக் கரைத்துப் பருக்கி எழுப்பினோம். பிறகு பாணும் பருப்பும் வந்தன. மத்தியானம் பார்த்தால் முந்நூற்று நாற்பது. அதற்கு ஒரு பெரிய ஊசி. இரவு முழுக்கத் தாங்க ஒன்றுமில்லாததால் விடியப் பார்க்கும்போது மறுபடி இருநூற்றுத் தொண்ணூறு.

ஐந்தாம் நாள் நான் ஊசித் தட்டோடு போக, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"சாப்பாட்டு வண்டி வரட்டும் மிஸ்ஸி. பிறகு எத்தனை ஊசியெண்டாலும் போடுங்கோ."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இருபத்தாறு பேருக்கு நான் ஒருத்தி. இங்கே சட்டம் போடுவது டொக்டர்மார், நீங்கள் இல்லை என்று சொன்னேன். அவர் அசையவில்லை. சீனி எண்ணும் ஊசியும் பதிகிற சாட்டில் நான் 'நோயாளி மறுத்தார்' என்று எழுதினேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். காரணத்தையும் எழுதச் சொன்னார். அதற்கு இடமில்லை என்றேன். உண்மையில் இடமில்லைதான், அந்தச் சாட்டை அச்சடித்தவன் அப்படி அச்சடித்திருக்கிறான். பகல் வேலைத் தாதிப் பிள்ளைகளோ, என் எழுத்தைப் பார்த்துவிட்டு, வண்டி வந்த பிறகும் ஊசியோடு அவரிடம் போகவில்லை. அடுத்தடுத்த நாட்களும் அதே கதைதான். வாட்டில் அவருக்குப் 'பிரச்சினைக்காரி' என்று பெயர் வைத்தோம். வைத்ததே நான்தான்.

ஏழாம் நாள் அவருடைய பெருவிரல் கறுத்தது. ஒன்பதாம் நாள் ஆள் குறைவென்று எனக்குப் பகலும் வேலை. அன்று சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் நிப்றாஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். சீனி இப்படி ஏறி இறங்கினால் கிருமி அடங்காது, சிவப்பு கணுக்காலை நோக்கி ஏறுகிறது, பிந்தினால் உயிருக்கு ஆபத்து என்று விளக்கினார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. சம்மதப் பத்திரத்தை நீட்டினார். அக்கா அதைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார்.

"காலில்லாமல் நான் ஓர்ஸ் ஹில் ஏற ஏலாது சேர். அஞ்சு நாள் தாங்கோ. சீனியை ஒழுங்காக் குறைச்சுப் பாருங்கோ. அதுக்குப் பிறகு வெட்டுற கதையைக் கதைப்பம்."

டொக்டர் பேனையை எடுத்துச் சிவப்பு முடிகிற இடத்தில் காலைச் சுற்றி ஒரு கோடு கீறினார். இதைத் தாண்டினால் ஐந்து நாளும் இல்லை, ஒரு நாளும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கட்டுப்போட உட்கார்ந்தபோது, பயமாகத்தான் இருக்கிறது என்று அக்கா மெல்லச் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது.

பக்கத்துப் பத்தாம் கட்டிலில் அசனா. மூதூர்க்காரி, கையில் கட்டி வந்து வெட்டியிருந்தது. அவருக்கும் சீனி வருத்தம்தான். ஆனால் அவரை வேறு பிரிவிலிருந்து மாற்றி அனுப்பியபோது பால் ஊசியை யாரும் நிறுத்தவில்லை. காலை ஊசியும் அவருக்கு வண்டி வந்த பிறகுதான் என்று அந்தப் பிரிவு டொக்டர் சாட்டில் எழுதிவிட்டிருந்தார். ஒரே வாட், ஒரே பாண், ஒரே பருப்பு. அன்று மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டு, தன்னுடைய சாட்டையும் அசனாவுடைய சாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். இன்றோடு இவர் வாயை அடைக்கலாம் என்ற நினைப்பில்தான் இரண்டையும் கட்டிலில் விரித்தேன்.

அசனாவுக்கு நூற்று நாற்பது, நூற்று எழுபது, நூற்று அறுபது. ஏழு நாளும் அந்த அளவில்தான். அக்காவுக்கு இருநூற்றுத் தொண்ணூறு, ஐம்பத்து நாலு, முந்நூற்று நாற்பது. அதற்குக் கீழே என் கையெழுத்தில் மறுத்தார், மறுத்தார், மறுத்தார். வாய் அடைபட்டது எனக்குத்தான். வெட்கக்கேடு. மீன் விற்கிற மனுசி கட்டிலில் படுத்தபடி பார்த்ததைப் பதினொரு வருடம் சீருடை போட்ட நான் பார்க்கவில்லை.

இரண்டு சாட்டையும் தூக்கிக்கொண்டு, யாரிடமும் கேளாமல், சீனி வருத்தம் பார்க்கிற வைத்திய நிபுணர் கனகரத்தினம் சேரிடம் மேல் மாடிக்குப் போனேன். நிப்றாஸ் டொக்டரைத் தாண்டிப் போவது பிழை என்று தெரியும். போனேன். சேர் கண்ணாடியை உயர்த்தி இரண்டையும் பார்த்தார். ஐந்தரை ஊசி யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் இரண்டு சாட்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே இறங்கி வந்தார்.

அன்றைக்கே அக்காவுக்குப் பால் ஊசி திரும்ப வந்தது, காலையும் இரவும். சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிறார் என்பதற்காக அதை முழுதாக நிறுத்தியிருக்கத் தேவையில்லை, அளவைக் குறைத்துக் கொடுத்திருக்கலாம் என்றார் சேர். தெளிந்த ஊசி ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால், ஆனால் வண்டி வாட் வாசலுக்கு வந்த பிறகுதான். வாட்டுக்குப் பொறுப்பான எங்கள் சிஸ்டர் முகத்தைச் சுழித்தார். அசனா ஒருவருக்கே இழுபறி, இன்னொருவருக்கும் ஏழே முக்காலுக்கு யார் போடுவது, இரவுப் பிள்ளைகள் போயிருப்பார்கள், பகல் பிள்ளைகள் கட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு ஆத்திரம் கிளம்பிவிட்டது.

"நான் நிண்டு போடுறன் சிஸ்டர். வேணுமெண்டால் அதுக்கும் ஒரு விளக்கக் கடிதம் தாறன்."

ஐந்து காலையும் நின்றேன். நிலாவெளிக்குப் போகிற ஏழு பதினைந்து பஸ் ஐந்து நாளும் என்னை விட்டுவிட்டுப் போனது. மூன்றாம் நாள் வண்டி எட்டு இருபதுக்குத்தான் உருண்டு வந்தது. அதுவரைக்கும் ஊசியைப் போடவும் முடியாது, வீட்டுக்குப் போகவும் முடியாது. நான் குசினிக்காரரைத் திட்ட, அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்பத்தான் மிஸ்ஸிக்குப் பசி தெரியுது என்று பகிடி வேறு. அன்றைக்கே நாலாம் கட்டில் ஆச்சியும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, எனக்கும் வண்டி வரட்டும் என்றார். அவருக்குச் சீனி வருத்தமே இல்லை, குத்துவது வலி குறைக்கிற ஊசி. அதை விளக்கி முடிக்க எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

எண் இறங்கியது. இருநூற்று முப்பது, நூற்றுத் தொண்ணூறு, நூற்று அறுபத்தைந்து. ஐம்பதுக்குக் கிட்டவும் ஒருநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் இரவு வேலைக்கு வந்து கட்டை அவிழ்த்தபோது, சிவப்பு, டொக்டர் கீறிய கோட்டிலிருந்து இரண்டு விரல்கடை கீழே போயிருந்தது. நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை, விலக்கிப் பிடியுங்கோ நான் பார்க்க வேண்டும் என்றார்.

ஐந்தாம் நாள் காலை இரண்டு நிபுணர்களும் சேர்ந்து வந்தார்கள். நிப்றாஸ் டொக்டர் பாதத்தை அழுத்திப் பார்த்தார், மணந்து பார்த்தார். கால் தப்பிவிட்டது, கறுத்த பெருவிரலை மட்டும் எடுத்தால் போதும் என்றார். அவருக்கும் சந்தோசம்தான், முகத்தில் தெரிந்தது. எல்லாரும் அக்கா கைகூப்புவார் என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

"முதல் நாளே பால் ஊசியை நிப்பாட்டாமல், இந்த ஊசியையும் சாப்பாட்டோட போட்டிருந்தால், என்ர விரல் இருந்திருக்குமோ?"

டொக்டர் நிப்றாஸ் இரத்த ஓட்டம், நரம்பு என்று தொடங்கினார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"உங்களை இல்லை சேர். மிஸ்ஸியைக் கேக்கிறன். ஊசி போட்டது அவா."

சிஸ்டர் கண்ணால் எனக்குச் சாடை காட்டினார். கனகரத்தினம் சேர் சாட்டைப் பார்த்தபடி நின்றார். சொல்லாமல் விட ஆயிரம் வழி இருந்தது. இந்த மனுசியின் முகத்துக்கு நேரே அதில் ஒன்றைக்கூட எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் அக்கா. இருந்திருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பேனையைக் கேட்டு வாங்கினார். புதுப் பத்திரத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, பத்திரத்தையும் பேனையையும் நிப்றாஸ் டொக்டரிடம் நீட்டினார்.

"பெருவிரல் எண்டதுக்குப் பக்கத்தில, மட்டும் எண்டு எழுதுங்கோ சேர்."

அவர் எழுதினார். அக்கா அதையும் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.