வாரத்துக்கு ஒரு மாத்திரை

சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். தெருத் தெருவாக மீன் விற்பவர். நான் மருந்தாளுநராக வேலை பார்க்கும் அரசு மருத்துவமனையில், மருந்து கொடுக்கும் ஜன்னலில் சீட்டை நீட்டினார். வாய்ப்புண்ணுக்குக் களிம்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான். உதடு வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

"மூட்டு வலிக்குப் போட்டுகினு கீறேம்மா. தெனம் ஒண்ணு."

பையிலிருந்து அட்டையை எடுத்தார். மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் போடவேண்டிய மாத்திரை. கூட மடித்து வைத்திருந்த தனியார் கிளினிக் சீட்டில் 'தினமும்' என்று எழுதியிருந்தது. மருந்துக் கடையிலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பத்து நாளாகச் சாப்பிட்டிருக்கிறார். தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம்.

"உள்ளே டாக்டர்கிட்ட இதைக் காட்டினீங்களா?"

"அவரு எங்க கேட்டாரு? வாயைத் தொறன்னாரு, எழுதிக் குட்த்தாரு."

அட்டையோடு ஓபி அறைக்குள் போனேன். டாக்டர் நிமிரவேயில்லை. "கவுன்டரை விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க? எழுதினதைக் கொடுங்க, போதும்."

பதினாறு வருஷமாக இதைக் கேட்டு விழுங்கியிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. அட்டையை அவர் மேஜைமேல் அடித்து வைத்தேன்.

"வாரத்துக்கு ஒண்ணு போடுறதை அந்தம்மா பத்து நாளா தினமும் போட்டிருக்காங்க, சார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதுங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்த டாக்டர் பரிசோதனைக்கு எழுதினார். வெள்ளணுக்கள் படுமோசமாகக் குறைந்திருந்தன. உடனே ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் படுக்கையில் கிடந்து பிழைத்தார்.

என் கோபம் அதோடு ஆறவில்லை. மருத்துவமனையின் அந்த மாதக் கூட்டத்தில், அந்தம்மாவைப் பற்றிய அறிக்கையில் 'மருத்துவரால் உரிய நேரத்தில் கண்டறியப்பட்டது' என்று வாசித்தார்கள். எழுந்தேன்.

"பையில என்ன இருக்குன்னு கேட்டது நான். அதை முன்னாடியே கேட்க ஓபியில எனக்கு ஒரு நாற்காலி போடுங்க."

தலைமை மருத்துவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து நாற்காலி போட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் அதே டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கிறேன். சீட்டு எழுதுமுன் அவர் என்னிடம் கேட்கிறார். நல்லதுதான். மற்ற நாட்களில் அங்கே கேட்க ஆளில்லை. அதை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.