கழுவாத கண்ணாடி

அந்த ஆய்வுக்கூடத்தில் நத்தைக்காரி என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். பெற்ற தாயே, "என் பொண்ணு பெரிய படிப்பு படிக்கிறா, நத்தை மேய்க்கிறா" என்றுதான் அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொள்வாள். மாடு மேய்த்தால் பாலாவது மிஞ்சும். இவளுக்கு மிஞ்சியது விரலிடுக்கில் போகாத பிசுபிசுப்பு.

ஆறு வருஷம் மேய்த்ததில் ஒரு கட்டுரை தேறியது. ஒரு நத்தை போன தடத்திலேயே இன்னொன்று போனால் அதற்கு வழவழப்புச் செலவு மிச்சம், வேகம் அதிகம். கண்டுபிடிப்பு அவ்வளவுதான். பாதி உழைப்பு அவளுடையது, மறுபாதி கூடவே ஆராய்ச்சி செய்யும் இளையவன் தும்மலுடையது. தூசியைக் கண்டாலே தும்முவான், அதனால் அந்தப் பெயர். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திருடித் தின்பதில் கெட்டிக்காரன்.

கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? அதுதான் வில்லங்கம். இந்த வருஷத்துக்குள் ஒரு கட்டுரையிலாவது முதல் பெயர் வராவிட்டால் அவளுடைய பட்டம் அம்போ. அவனுக்கோ இன்னும் இரண்டு வருஷம் அவகாசம்.

பேராசிரியருக்குப் பஞ்சாயத்து என்றாலே ஆகாது. சரிசமமான உழைப்பா? விடு நத்தையை! அங்கே அதுதான் வழக்கம். நீளமான கண்ணாடித் தட்டு, நடுவில் மைக்கோடு. இடப்பக்கம் மூத்தவருடைய நத்தை, வலப்பக்கம் இளையவருடையது. முந்துகிற நத்தைக்காரர் பெயர் முதலில்.

அன்று அவள் நத்தை பறந்தது. நத்தை பறக்குமா என்று கேட்காதீர்கள், பறந்தது. தும்மலின் நத்தை பாதிவழியில் யோசித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் குதித்தாள்.

தட்டைக் கழுவ எடுத்தபோது ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் சாய்ந்து விழுந்தது. தட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். இடப்பக்கத்தில் ஈரத்தடத்தை ஒட்டியே காய்ந்த தடம் ஒன்று, வெள்ளிக்கம்பி மாதிரி, முனையிலிருந்து முனைவரை. வலப்பக்கம் துடைத்துவிட்டதுபோல் சுத்தம்.

"டேய், என் பக்கம் யாருடா நத்தைய நடக்க விட்டது?"

அவன் தரையைப் பார்த்தான்.

"காலையில சீக்கிரம் வந்தேங்க்கா."

"எதுக்குடா?"

"உனக்குத்தானே அவசரம். எனக்கென்ன, இன்னும் ரெண்டு வருஷம் உன் டப்பாவத் திருடித் தின்னுட்டு இருப்பேன்."

இந்தத் திருட்டுப் பயலுக்குள் இப்படி ஒருத்தனா? அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா? கை இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

வாயை மூடிக்கொண்டால் பட்டம் அவளுக்கு. ஆனால் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: கழுவாத கண்ணாடியில் நடந்த ஓட்டம் எதையும் கணக்கில் சேர்க்கவில்லை.

தட்டோடு பேராசிரியர் அறைக்குப் போனாள். "சார், இந்த ஓட்டம் செல்லாது."

அவர் தட்டைச் சாய்த்துப் பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை. "தடத்தப் பத்தியே ஆறு வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கோம். பந்தயத்துக்கு முன்னாடியும் தட்டக் கழுவணும்னு ஒருத்தருக்கும் தோணலையா? எனக்குமா?"

கழுவி, துடைத்து, மறுபடி விட்டார்கள். அவள் நத்தை ஓட்டுக்குள் சுருண்டு படுத்துக்கொண்டது. தும்மலின் நத்தை நடந்தது. "நில்லு சனியனே, நில்லு!" என்று அவன் கெஞ்சக் கெஞ்ச, நடந்து முனையைத் தாண்டியது. இந்தத் தடவை ஒருவரும் கைதட்டவில்லை. ஜெயித்தவன்தான் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான்.

வீட்டில் அம்மா கேட்டாள். "என்னடி ஆச்சு?"

"தோத்துட்டேம்மா."

"யார்கிட்ட?"

"நத்தைகிட்ட."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு மகள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது.

மறுநாள் அவள் போனபோது தும்மல் தொட்டியடியில் குந்தி, கூடத்திலிருந்த கண்ணாடித் தட்டுகள் அத்தனையையும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த கட்டுரைய இன்னைக்கே ஆரம்பிக்கிறோம். வருஷம் முடிய இன்னும் நாள் இருக்கு. இதுல உன் பேர் மட்டுந்தான்க்கா."

"தட்டு தேய்க்கிறவன் பேரும் வரும்டா" என்று அவள் பக்கத்தில் குந்தினாள். "ரெண்டாவதா."

பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்து, அவன் திருடுவதற்கு வாகாக இருவருக்கும் நடுவில் வைத்தாள்.