பத்தொன்பதுக்கு லட்டு

விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு, சோறு பிசையும்போதுகூடக் குழம்பு வாசனையை மீறி மூக்கில் ஏறுகிற ஊதா மையின் வாசம்தான், புதுச்சேரியில் நான் படித்த பள்ளிக்கூடம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. என் அப்பா பிறப்பதற்கும் முந்தைய பள்ளி அது. ஆளுயரச் சன்னல்களும், முற்றத்தில் ஒரு பாதாம் மரமும், கடல்காற்றில் பிசுபிசுக்கும் சுவர்களுமாக நின்றது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு, முற்றத்தின் கிழக்கு வகுப்புகள் பழையபடி பிரெஞ்சிலேயே நடக்க, மேற்கே புதிதாக இங்கிலீஷ் பிரிவு தொடங்கினார்கள். கிழக்கே ஊதா மை, "மதாம்", வியாழக்கிழமை விடுமுறை. மேற்கே நீல மை, "டீச்சர்", சனிக்கிழமை விடுமுறை. இரண்டுக்கும் ஒரே மணிதான் அடித்தது.

அப்பா "மேரி"யில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், குமாஸ்தா. தாம் அரும்பாடுபட்டுக் கற்ற பிரெஞ்சு தம் மேசையிலேயே செல்லாமல் போவதை அன்றாடம் பார்த்தவர், கிழக்கே படித்துக்கொண்டிருந்த என்னை ஆறாம் வகுப்பில் மேற்கே தூக்கிப் போட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த என் தாய்மாமாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "இன்னா மாப்ளே, பிரெஞ்சு படிச்சா பாரீசு போவா, இங்கிலீஷ் படிச்சா விழுப்புரம் போவா. பொண்ணை எங்க அனுப்பப் போறே?" என்று வீடு அதிரக் கேட்டார். அம்மாவும் அண்ணன் பக்கமே பேசினாள். அரைப் பரீட்சையில் நான் இங்கிலீஷில் தேறாவிட்டால் மறுபடி கிழக்கே, அதுவும் ஒரு வகுப்பு கீழே, உட்காரவைப்பதாக அப்பா கடைசியில் வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கோ மேற்கை விட்டுப் போக மனமே இல்லை. கடலூரிலிருந்து வந்த எங்கள் இங்கிலீஷ் டீச்சர் வகுப்பிலேயே வாய்விட்டுச் சிரிப்பார். பாடம் நடத்துகிறவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அரைப் பரீட்சைத் தாள் கைக்கு வந்தது. தலைப்பில் சிவப்பு மையில் 19, சுற்றி ஒரு வட்டம், வேறொன்றுமில்லை. கிழக்கே எந்தப் பரீட்சையானாலும் இருபதுக்குத்தான் மார்க். அப்பா காலத்திலும் அப்படியே. மேற்கே நூற்றுக்கு என்று எனக்குத் தெரியாது. பக்கத்துப் பெண்ணின் மார்க்கை எட்டிப் பார்க்கப் பொறுமை ஏது? மணி அடித்ததும் வீட்டுக்கு ஒரே ஓட்டம்!

அப்பா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தீஸ்னெஃப்!" என்று கத்தினார். பிரெஞ்சில் பத்தொன்பது. "எங்க காலத்துல பதினஞ்சைத் தாண்டினவனை நான் கண்ணால பார்த்ததில்லே. பத்தொன்பதாம்!" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் லட்டோடு திரும்பினார். தெரு முழுக்க லட்டு. மாமா வாயே திறக்கவில்லை. லட்டுக்கு மட்டும் திறந்து இரண்டைத் தின்றார்.

அதோடு விட்டாரா? மறுநாள் காலை, அலுவலகத்துக்குப் போடும் வெள்ளை "பந்தலோன்" கால்சட்டை சகிதம், லட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு என்னோடு பள்ளிக்கே வந்துவிட்டார்.

"எதுக்குங்க லட்டு?" என்று டீச்சர் கேட்டார்.

"பாப்பா பத்தொன்பது வாங்கிட்டாளே, எல்லாம் உங்க புண்ணியம் டீச்சரம்மா."

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "கிண்டல் பண்றீங்களா? நூத்துக்குப் பத்தொன்பதுங்க. முப்பத்தஞ்சு எடுத்தாத்தான் பாஸ்."

அப்பா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போச்சு, இனி கிழக்குதான் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார். "வாங்கினது வாங்கியாச்சு, எடுத்துக்குங்க டீச்சரம்மா. இன்னும் எண்பத்தொண்ணு இருக்குல்ல, அதுக்கு இப்பவே வெச்சுக்குங்க."

டீச்சர் முற்றமே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு லட்டை எடுத்துப் பாதியை என் வாயில் திணித்தார். என் அப்பாவை அன்றைக்குப் பிடித்ததுபோல என்றைக்கும் எனக்குப் பிடித்ததில்லை.

விஷயத்தை மாமாவிடம் அப்பாவே போய்ச் சொன்னார். மாமா கண்ணில் நீர் வரச் சிரித்து, கடைசியில், "ரெண்டு லட்டைத் தின்னு தொலைச்சிட்டேன். இனிமே இன்னாத்தைப் பேசறது? முழுப் பரீட்சை வரைக்கும் உடறேன், போ" என்றார்.

முழுப் பரீட்சையில் நாற்பது வாங்கினேன். அப்பா அதை மனசுக்குள் ஐந்தால் வகுத்து, "எட்டுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் பாஸ் பாஸ்தானே, மேற்கிலேயே இருந்துவிட்டேன். அதன்பின் நான் எந்த மார்க்கோடு வந்தாலும் அவருக்கு இந்த வகுத்தல்தான். பள்ளி இறுதியில் இங்கிலீஷில் எழுபத்தைந்து என்றதும், "பதினஞ்சு!" என்று மறுபடியும் மிட்டாய்க் கடைக்கு ஓடினார்.

அதே பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். போன மாதம் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு, மேடையில் உட்காரவைத்திருந்தார்கள். பிரெஞ்சு வகுப்புகள் இல்லை, பாதாம் மரம் இல்லை, ஊதா மை இல்லை. "மதாம்" என்று கூப்பிடவும் ஒருத்தி இல்லை. பரிசு வாங்க ஒரு பெண் மேடை ஏறினாள். இங்கிலீஷில் தொண்ணூற்றைந்து என்று அறிவித்தார்கள். மைக் பக்கத்தில் இருப்பதையும் மறந்து, "தீஸ்னெஃப்!" என்று கத்திவிட்டேன். அரங்கம் விழித்தது.

"அப்படின்னா இன்னா மிஸ்?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"எங்கப்பா குடுக்கற மார்க்கு" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டத்திலிருந்து எழுந்து மிட்டாய்க் கடைக்கு ஓடவும் ஆள் இல்லை. விழா முடிந்ததும், அவளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, நானே போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.