நான் போடாத கோப்பு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு இரண்டு வருடமாகிறது. பிரிண்டரை வேலைசெய்ய வைப்பதற்குள் உயிர் போய்விடும். ஆனால் விண்டோஸைத் தாக்கும் வைரஸ் இதில் அண்டாது என்பதில் எனக்குத் தலைக்கனம். ஒருநாள் பென் டிரைவில் நான் போடாத கோப்பு ஒன்று இருந்தது. அழித்தேன். பென் டிரைவோடு பிரவுசிங் சென்டர் போய்வந்ததும் மறுபடி இருந்தது. நம்மை என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பென் டிரைவிலேயே கல்யாணப் போட்டோக்களை ஏற்றி, சாயல்குடியில் அண்ணன் வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகிக் காட்டினேன். மறுநாள் காலை மதினி போன் செய்தார்.

"தம்பி, என் தீசிஸ் போல்டரையே காணோம். நேத்து என்னத்தச் செருகுனீக?"

குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அது அவருடைய ஒரு வருட உழைப்பு.

லினக்ஸ் சிடியோடு பஸ் ஏறினேன். அந்தச் சிடியிலிருந்து அவர்கள் கம்ப்யூட்டரை ஓடவிட்டதும் தீசிஸ் தெரிந்தது. வைரஸ் அதை அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தது. பக்கத்திலேயே, நான் போடாத அந்தக் கோப்பும் இருந்தது.

இப்போதெல்லாம் என் வீட்டில் திறந்து பார்த்துச் சுத்தம் செய்யாமல் பென் டிரைவை வெளியே எடுப்பதில்லை. ஆனாலும் நான் அண்ணன் வீட்டு வாசல் ஏறினால், மதினியின் கண் முதலில் என் சட்டைப் பைக்குத்தான் போகிறது.