வீட்டுக்கொரு போத்தல் மண்ணெண்ணெய்

நெடுநாளாகத் தேடிய பழைய இத்தாலியப் படத்தின் டிவிடி கிடைத்தது. இனி வெளியிட மாட்டார்களாம். உறையில் கரையோரம் நிற்கும் பெண்ணைப் பார்த்ததுமே எனக்கு மண்ணெண்ணெய் மணத்தது.

போர்க்காலத்தில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்துக் குருநகரில், வீட்டுக்கொரு போத்தல் மண்ணெண்ணெய் சேர்த்து ஜெனரேட்டர் ஓட்டி இந்தப் படத்தைப் பார்த்தோம். மொழி யாருக்கும் விளங்கவில்லை. கடலுக்குப் போன கணவனுக்காக அந்தப் பெண் காத்து நிற்கையில் மண்ணெண்ணெய் தீர்ந்து திரை இருண்டது.

“அவன் வருவானோ, சின்னம்மா?” என்று கேட்டேன்.

“ஓம், வந்திட்டான்.”

கடலுக்குப் போய்த் திரும்பாத சித்தப்பாவைச் சின்னம்மா அப்போது தேடிக்கொண்டிருந்தார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

கனடாவிலிருக்கும் சின்னம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, படத்தின் முடிவைப் பார்த்துச் சொல்லட்டுமா என்றேன்.

“அவன் வந்திட்டானெண்டு அண்டைக்கே சொன்னனான். பிறகென்னத்துக்குப் பாக்கிறாய்?”